பதின்வயதுப் பிள்ளையுடன் ரிஷிகேஷில் படகேறும் முன்

கங்கையில் குடும்பத்தோடு ராஃப்டிங் (காற்றடைத்த ரப்பர் படகில் ஆற்றோடு செல்லும் பயணம்) செல்ல நினைப்பவர்கள் பெரும்பாலும் தேதியையும் கட்டணத்தையும்தான் முதலில் பார்க்கிறார்கள். அதற்கும் முன்பாக, படகில் ஏறப்போகிறவர்களில் யாருக்குத் தண்ணீரைக் கண்டால் அதிகப் பயம், யாருக்குக் கைவலு குறைவு என்பதை வீட்டிலேயே வெளிப்படையாகப் பேசித் தெரிந்துகொள்ளுங்கள். ஆற்றின் எந்தப் பகுதியில் செல்வது என்பதை அவரை அளவுகோலாகக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

ரிஷிகேஷுக்கு மேலே பிரம்மபுரியிலிருந்து புறப்பட்டால் ஏறத்தாழ 9 கி.மீ., சிவபுரியிலிருந்து 16 கி.மீ., மரைன் டிரைவ் என்னும் இடத்திலிருந்து 25 கி.மீ., கௌடியாலாவிலிருந்து 36 கி.மீ. ஆற்றுவழியே வர வேண்டியிருக்கும். 'ரேபிட்' எனப்படும் கொந்தளிப்புகளை உலகெங்கும் 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். 1 என்பது சிறு சலசலப்பு, 6 என்பது உயிருக்கே ஆபத்தானது. கௌடியாலாப் பாதையில் வரும் 'தி வால்' 4ஆம் தரத்தைச் சேர்ந்தது, படகைக் கவிழ்ப்பதற்குப் பெயர்பெற்றது. முதல் முறை வரும் குடும்பத்திற்கு அந்தப் பாதை வேண்டவே வேண்டாம். 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்' என்னும் கொந்தளிப்புகள் வரும் சிவபுரிப் பாதையே பதின்வயதுப் பிள்ளையின் ஆசைக்குப் போதுமானது என்பது என் கருத்து. நீச்சல் தெரியாத, தண்ணீருக்கு அஞ்சும் ஒருவர் உடன் இருந்தால் பிரம்மபுரியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இங்கே பொதுவாக 14 வயது நிரம்பியவர்களையே படகில் ஏற்றுகிறார்கள். பிள்ளைக்குப் பதின்மூன்றரை வயது என்றால், வயதைக் கூட்டிச் சொல்லாமல் ஓராண்டு காத்திருங்கள். எடை குறைந்த உடலை அலை எளிதாகத் தூக்கி எறிந்துவிடும். பெரியவர்களுக்கான லைஃப் ஜாக்கெட்டும் அந்த உடலில் நிற்காது.

மழைக்காலமான ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ராஃப்டிங் நிறுத்தப்படுகிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களும் மார்ச், ஏப்ரல் மாதங்களும் நல்லவை. நம் பள்ளிகளின் தேர்வு முடிந்த பின் ஏப்ரலில் செல்வதே பலருக்கும் வசதிப்படும். வெயில் சுட்டாலும் தண்ணீர் பனிமலையிலிருந்து வருவதால் கடுமையாகக் குளிரும். ஆகவே பருத்தி உடையையும் ஜீன்ஸையும் தவிர்த்து, விரைவில் உலரும் உடையும் பின்பட்டை உள்ள செருப்பும் எடுத்துச் செல்லுங்கள். கண்ணாடி அணிபவர்கள் அதைத் தலையின் பின்புறம் கயிற்றால் கட்டிக்கொள்ள வேண்டும். டெஹ்ரி அணையிலிருந்து திறந்துவிடும் நீரைப் பொறுத்து ஒரே நாளில்கூட ஆற்றின் மட்டம் மாறும் என்பதால், அன்றைய நீர்மட்டம் எப்படி இருக்கிறது என்று கைடிடம் கேட்ட பிறகே பாதையை உறுதி செய்யுங்கள்.

பிள்ளையுடன் முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. வழியில் படகை நிறுத்திப் பாறையிலிருந்து குதிக்கச் சொல்வார்கள். நீர் அமைதியாக ஓடும் இடத்தில் படகின் கயிற்றைப் பிடித்தபடி ஆற்றில் இறங்கி மிதக்கவும் அழைப்பார்கள். இவற்றை எல்லோரும் செய்தாக வேண்டியதில்லை. ஆனால் வேண்டாம் என்று அந்த வயதில் மற்றவர்கள் முன்னால் சொல்வது எளிதல்ல. என் மகளுக்கு அப்போது 15 வயது. அவள் தன் ஹெல்மெட்டை ஒருமுறை தட்டினால் அவளுக்கு விருப்பமில்லை என்று பொருள், மறுப்பை நான் சொல்லிவிடுவேன் என்று முந்தைய இரவே பேசி வைத்திருந்தோம். பாறையருகே அவள் தட்டினாள். "இன்று வேண்டாம்" என்று நான் கைடிடம் சொன்னேன். யாரும் அவளை வற்புறுத்தவில்லை. அடுத்த கொந்தளிப்பில் எங்கள் எல்லோரையும்விட அவள்தான் அழுத்தமாகத் துடுப்புப் போட்டாள்.

கரையில் உபகரணங்களைச் சரிபார்க்க அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளை எல்லாம் மாட்டி இறுக்கிய பிறகு, அதன் தோள்பகுதியை இரு கைகளாலும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். மகளுக்கு முதலில் கொடுத்தது காதுவரை ஏறி வந்தது. பக்கவாட்டுப் பட்டையையும் அதற்கு மேல் இறுக்க முடியவில்லை. எல்லோருக்கும் இதே அளவுதான் என்று பணியாளர் சொன்னார். சிறிய அளவு வரும்வரை நாங்கள் படகேறவில்லை. பத்து நிமிடத்தில் வந்தது. தண்ணீரில் விழுந்தவரைப் படகில் இழுத்துப் போடும்போது ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்துத்தான் தூக்குவார்கள் என்பதால், இந்தச் சோதனையை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.

கைடு சொல்லும் கட்டளைகளைப் பிள்ளையையே உங்களுக்குத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். துடுப்பின் மேல்முனையில் உள்ள கைப்பிடியை உள்ளங்கையால் எப்போதும் மூடிப் பிடித்திருக்க வேண்டும். அது நழுவினால் பக்கத்தில் இருப்பவரின் பல் உடையும். ஆற்றில் விழுந்துவிட்டால் மல்லாந்து, கால்களை நீர் ஓடும் திசைக்கு நீட்டி, பாதங்களை நீர்ப்பரப்பை ஒட்டியே வைத்து மிதக்க வேண்டும். ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலவே கூடாது; பாறை இடுக்கில் கால் சிக்கினால் நீரின் வேகம் உடலை முன்பக்கமாக அமுக்கிவிடும். இதை வீட்டுத் தரையில் படுத்தே ஒருமுறை செய்து பார்க்கலாம்.

கைபேசியை அறையிலேயே விட்டுவிட்டு, மாற்றுடையும் துண்டும் அடங்கிய பையை இறங்கும் இடத்திற்கு வண்டியில் அனுப்பி வையுங்கள். கரையேறியதும் முதலில் நடுங்கத் தொடங்குவது பிள்ளைதான்.