பேட்டரி வோல்டேஜ் வீட்டுலயே செக் பண்றது எப்படி

ஆட்டோகேட் ரிமோட்ட அமுக்குறீங்க, கேட் அசையல, உடனே ரிமோட்டே போச்சுன்னு புதுசு வாங்க கிளம்பிடாதீங்க. பின்னாடி மூடிய கழட்டி பேட்டரில என்ன எழுதிருக்குன்னு பாருங்க, நம்ம கேஎல் தாமான் வீடுங்கள்ல நிறைய ரிமோட்டுக்கு 27ஏ இல்லன்னா 23ஏ தான், ரெண்டுமே 12 வோல்ட், நீளமும் கிட்டத்தட்ட 28 மில்லிமீட்டர், ஆனா 23ஏ கொஞ்சம் தடி, அதனால பழசையே கையோட எடுத்துட்டு கடைக்கு போங்க.

அவ்ளோ சின்னதுல எப்படி 12 வோல்ட்? உள்ள 1.5 வோல்ட் பொத்தான் பேட்டரி 8 அடுக்கிருப்பாங்க. 9 வோல்ட் பெட்டி பேட்டரியும் அதே கதைதான், 6 செல். ஏஏ, ஏஏஏ, பெரிய டார்ச்லைட் பேட்டரி எல்லாமே 1.5 தான், சைஸ் பெருசானா ரொம்ப நேரம் தாங்கும், வோல்டேஜ் ஏறாது.

அளக்க ஒரு மலிவு மல்டிமீட்டர் போதும், ஜாலான் பாசார் பக்கம் போனா கிடைக்கும். டயல டிசி வோல்ட் 20ல வைங்க, சிவப்பு வயர் பிளஸ்ல, கறுப்பு மைனஸ்ல. சிவப்பு வயர் மீட்டர்ல 10 ஆம்பியர் ஓட்டைல சொருகாம இருக்கான்னு முதல்ல பாத்துக்குங்க, அதுல இருந்தா பேட்டரி ஷார்ட் ஆயிரும். புது அல்கலைன் ஏஏ 1.6 கிட்ட காட்டும், 1.3னா பாதி போச்சு, 1.1க்கு கீழன்னா மாத்திடலாம், சுவர் கடிகாரத்துல மட்டும் அது இன்னும் கொஞ்ச நாள் ஓடும். சார்ஜ் பண்ற ஏஏ 1.2 காட்டுனா பயப்படாதீங்க, அதோட கணக்கே அதான், ரொம்ப நேரம் அங்கயே நின்னுட்டு கடைசில பொசுக்குன்னு இறங்கும், அதுல மிச்சம் எவ்ளோன்னு மீட்டர் வச்சு கண்டுபிடிக்கிறது கஷ்டம்லா.

இன்னொன்னு, சும்மா இருக்கிற பேட்டரி நல்ல நம்பர் காட்டி ஏமாத்தும். ரிமோட்லயே வச்சு, பட்டன அமுக்கிக்கிட்டே அளங்க. 11.5 காட்டுனது 8க்கு விழுந்தா அதுக்கு ஆயுசு முடிஞ்சிருச்சு.

ஆன்லைன்ல ஏஏ மாதிரியே 14500னு ஒன்னு விப்பாங்க, அது லித்தியம், 3.7 வோல்ட், பிள்ளைங்க பொம்மைல போட்டா பொம்மை காலி. பழசும் புதுசும் கலந்தும் போடாதீங்க, பலமில்லாதது மேல பாரம் ஏறி ஒழுக ஆரம்பிச்சிரும், அப்புறம் ஸ்பிரிங்கெல்லாம் பச்சை பூத்து நிக்கும்.