டெக்சாஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: இந்த மண்ணின் கதையிலிருந்து தொடங்குங்கள்

வந்ததும் செய்ய வேண்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு மாநிலத்திலிருந்து காருடன் வந்திருந்தால் 30 நாட்களுக்குள் அதை உங்கள் கௌண்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்றது) பதிவு செய்யுங்கள். ஓட்டுநர் உரிமத்தை 90 நாட்களுக்குள் டெக்சாஸ் உரிமமாக மாற்றுங்கள். வங்கி, செல்போன், பிள்ளைக்குத் தடுப்பூசிச் சான்று போன்றவை எல்லா மாநிலத்திலும் இருப்பவைதான், நண்பர்களைக் கேட்டாலே தெரிந்துவிடும். நான் சொல்ல விரும்புவது வேறு. இங்கே முதல் வருடத்தில் நம்மைத் திகைக்க வைக்கும் விஷயங்களுக்கு, அதாவது வீட்டு வரி, கரண்ட் பில், வெள்ளம், பள்ளி என்று ஒவ்வொன்றுக்கும், இந்த மாநிலத்தின் வரலாற்றில் காரணம் இருக்கிறது. அது தெரியாமல் பல வருடம் ஓட்டிவிட்டேன். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது.

டெக்சாஸ் என்ற பெயரே காடோ மக்களுடையது. ‘நண்பர்கள்’ என்று பொருள்படும் அவர்களுடைய சொல்லை ஸ்பானியர்கள் எழுதிக்கொண்ட விதம் அது. மாநிலத்தின் குறிக்கோள் வாசகம் இன்றைக்கும் ‘நட்பு’தான். அதற்கும் வெகு முன்பே இங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள். அமரில்லோவுக்கு அருகில் உள்ள அலிபேட்ஸ் குன்றுகளில் சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன்பே ஈட்டி முனைகளுக்குக் கல் வெட்டி எடுத்திருக்கிறார்கள். கிழக்கே காடோ மக்கள் மண்மேடுகள் எழுப்பி மக்காச்சோளம் பயிரிட்டார்கள். கால்வெஸ்டன் கடற்கரையில் கரன்கவா மக்கள் இருந்தார்கள், சமவெளிகளில் பின்னாளில் கொமாஞ்சி மக்கள் குதிரையேறி ஆண்டார்கள். இவர்களில் பெரும்பாலோர் நோயாலும் போராலும் அழிந்தார்கள், மிஞ்சியவர்கள் விரட்டப்பட்டார்கள். நாம் வீடு வாங்கும் இடமெல்லாம் அவர்கள் இருந்த இடம் என்பது நினைவில் இருக்கட்டும்.

ஸ்பானியர்கள் 1519-லேயே இந்தக் கரையை வரைபடமாக்கிவிட்டார்கள், ஆனால் சான் அந்தோணியோவில் ஆலமோ என்ற கிறிஸ்தவ மிஷன் தொடங்கியது 1718-ல்தான். 1821-ல் மெக்சிகோ விடுதலை பெற்றதும் டெக்சாஸ் அதன் பகுதியானது. 1836-ல் மெக்சிகோவிடமிருந்து பிரிந்து தனிக் குடியரசு, 1845 டிசம்பரில் அமெரிக்காவின் மாநிலம். உங்கள் பக்கத்து வீட்டு மெக்சிகோ வம்சாவளிக்காரரை ‘வந்தவர்’ என்று எண்ணிவிடாதீர்கள். அவருடைய குடும்பம் ஒரே ஊரில் உட்கார்ந்திருக்க, மேலே பறந்த கொடி மட்டும் மாறிக்கொண்டே இருந்திருக்கலாம். ஊர்ப்பெயர்களும் அப்படித்தான். சான் அந்தோணியோ இருக்கும் கௌண்டியின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘பெக்ஸார்’ என்று வரும், உள்ளூரில் சொல்வது ‘பேர்’.

1836 புரட்சியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளியில் 4-ஆம் வகுப்பிலும் 7-ஆம் வகுப்பிலும் உங்கள் பிள்ளைக்கு டெக்சாஸ் வரலாறு பாடமாக வரும். ஆலமோவில் மெக்சிகோ படையை எதிர்த்த வீரர்கள், சான் ஜசிண்டோவில் 18 நிமிடத்தில் முடிந்த சண்டை என்று ஆர்வத்தோடு வந்து சொல்வார்கள். அந்தப் புரட்சிக்கு அடிமைமுறையும் ஒரு முக்கியக் காரணம். 1829-ல் மெக்சிகோ அடிமைமுறையை ஒழித்து ஆணையிட்டது. பருத்தி பயிரிட அடிமைகளோடு வந்து குடியேறியிருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. குடியரசின் அரசியல் சட்டம் அடிமைமுறையைப் பாதுகாத்தது. இதை வீட்டிலாவது பிள்ளைகளிடம் பேசுங்கள்.

சரி, வீட்டு வரிக்கு வருவோம். மாநில வருமான வரி இல்லை என்று மகிழ்ச்சியோடு வருகிறோம். 2019-ல் வாக்காளர்கள் அந்த வரியே கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஆனால் பள்ளிக்கும் கௌண்டிக்கும் ஊருக்கும் பணம் வேண்டுமே, அது வீட்டு வரியாக வருகிறது. இங்கேதான் ‘ஹோம்ஸ்டெட்’ (நீங்களே குடியிருக்கும் சொந்த வீடு) என்ற சொல்லை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கக் கிழக்கில் கடன் தொல்லை தாங்காமல் ஓடி வந்தவர்கள் பலர் இங்கே குடியேறினார்கள். வீட்டுக் கதவில் ‘டெக்சாஸ் போய்விட்டேன்’ என்று எழுதி வைத்துவிட்டுப் போவார்களாம். அவர்களின் குடியிருப்பைக் கடன்காரர்கள் பறிக்கக் கூடாது என்று 1839-ல் குடியரசு ஒரு சட்டம் போட்டது. 50 ஏக்கர் வரை, அல்லது ஊருக்குள் ஒரு மனை. குடியிருக்கும் வீட்டைக் காக்கும் அந்த எண்ணம் இன்றும் இருக்கிறது, வரிச் சலுகையும் அதே பெயரில் வருகிறது.

ஆனால் அந்தச் சலுகை தானாக வராது. நீங்கள் கௌண்டி மதிப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் கிடையாது, இடையில் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் ஓட்டுநர் உரிமத்தில் அந்த வீட்டு முகவரியே இருக்க வேண்டும். 2023-ல் பள்ளி வரிக்காக வீட்டு மதிப்பிலிருந்து கழிக்கும் தொகையை 1 லட்சம் டாலராக்கினார்கள், பிறகு இன்னும் கூட்டியிருக்கிறார்கள். அதோடு, வரிக்குரிய மதிப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாமலும் தடுக்கும். வசந்த காலத்தில் வரும் மதிப்பீட்டுக் கடிதத்தை ஓரமாக வைத்துவிடாதீர்கள். மதிப்பு அதிகம் என்று தோன்றினால் பெரும்பாலும் மே 15-க்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். நான் முதல் இரண்டு வருடம் விண்ணப்பிக்காமல் முழு வரி கட்டினேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கரண்ட் கதை 1935-ல் தொடங்குகிறது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் மின்சாரத்தை மத்திய அரசு கட்டுப்படுத்தும் என்று சட்டம் வந்தபோது, டெக்சாஸ் நிறுவனங்கள் எல்லைக்குள்ளேயே கம்பி இழுத்துக்கொண்டு ஒதுங்கின. இன்றும் மாநிலத்தின் பெரும்பகுதிக்குத் தனி மின்வலை. 2021 பிப்ரவரிப் பனியில் மின்நிலையங்களும் எரிவாயு வழிகளும் உறைந்தபோது, வெளியிலிருந்து போதுமான மின்சாரம் வாங்க வழியில்லை. லட்சக்கணக்கான வீடுகள் நாள்கணக்கில் இருட்டிலும் குளிரிலும் கிடந்தன. மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். மொத்தச் சந்தை விலைக்கே மின்சாரம் தரும் திட்டத்தில் இருந்தவர்களுக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. ஆகவே நிலையான விலைத் திட்டம் எடுங்கள். விலைத்தாளில் 500, 1000, 2000 யூனிட்டுக்கு எவ்வளவு என்று மூன்றையும் பாருங்கள். 1000-ல் மலிவாகக் காட்டி மற்ற அளவுகளில் ஏறும் திட்டங்கள் உண்டு. ஆஸ்டினிலும் சான் அந்தோணியோவிலும் நகராட்சியே மின்சாரம் தருவதால் அங்கே இந்தத் தேர்வு இல்லை.

ஹூஸ்டன் பக்கம் வருபவர்களுக்கு வெள்ளம்தான் பெரிய பாடம். 1900 செப்டம்பர் 8 இரவு புயல் கால்வெஸ்டனை மூழ்கடித்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அடுத்த ஆண்டு ஜனவரியில் போமாண்ட் அருகே ஸ்பிண்டில்டாப்பில் எண்ணெய் பீறிட்டது. 1914-ல் ஹூஸ்டன் கப்பல் கால்வாய் திறந்தது. துறைமுகமும் பணமும் கடற்கரையிலிருந்து உள்ளே, ஹூஸ்டனுக்கு நகர்ந்தன. ஆனால் ஹூஸ்டனும் ஓடைக்கரையில் எழுந்த ஊர்தான். 1929, 1935 வெள்ளங்களுக்குப் பிறகு நகரைக் காக்க மேற்கே ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள் கட்டினார்கள். சாதாரண நாளில் அவை காய்ந்த காடும் புல்வெளியுமாக இருக்கும். நீர் ஏறும் பரப்புக்குள்ளேயே பின்னாளில் வீடுகள் கட்டி விற்றார்கள். 2017-ல் ஹார்வி புயல் வந்தபோது அந்த வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அந்த மேற்குப் பகுதியில் உள்ள கேட்டி பக்கம் நம்மவர்கள் நிறையப் பேர் வீடு தேடுகிறார்கள். வாங்கும் முன் வெள்ள வரைபடத்தையும், அந்த வீட்டுக்குள் எப்போதாவது தண்ணீர் வந்ததா என்பதையும் கேளுங்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்கு உதவாது. அரசின் வெள்ளக் காப்பீட்டைத் தனியாக வாங்க வேண்டும், பொதுவாக 30 நாள் கழித்தே அது நடைமுறைக்கு வரும். புயல் கிளம்பிய பிறகு வாங்கப் போனால் பயனில்லை.

ஹூஸ்டன் அருகே உள்ள சுகர்லேண்டும் நம்மவர்களுக்குப் பிடித்த ஊர். பெயரில் உள்ள சர்க்கரை அங்கே இருந்த கரும்புத் தோட்டங்களுடையது. அடிமைமுறை ஒழிந்த பிறகு, கைதிகளைக் குத்தகைக்கு எடுத்து அந்தத் தோட்டங்களில் வேலை வாங்கினார்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவரை. 2018-ல் அங்கே ஒரு பள்ளிக் கட்டடத்துக்கு மண் தோண்டியபோது அவர்களில் 95 பேரின் எலும்புகள் கிடைத்தன. ஜூன் 19-ஆம் தேதி விடுமுறை எதற்கு என்று பிள்ளைகள் கேட்டால், 1865-ல் அதே தேதியில் கால்வெஸ்டனில் அடிமைகளுக்கு விடுதலை அறிவிக்கப்பட்டதைச் சொல்லுங்கள். ஜனாதிபதி லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் வந்து இரண்டரை வருடம் கழித்துத்தான் அந்தச் செய்தி நடைமுறையானது.

கல்லூரி பற்றியும் கேட்பீர்கள். 1876 அரசியல் சட்டம் பல்கலைக்கழகத்துக்கு ஒதுக்கிய 10 லட்சம் ஏக்கர் மேற்கே வறண்ட நிலம். 1923-ல் அங்கே எண்ணெய் கிடைத்தது. அந்த நிதி இன்றும் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தையும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தையும் தாங்குகிறது. 1997 சட்டப்படி, பள்ளியில் முதல் 10 சதவீதத்தில் வரும் மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. ஆஸ்டின் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அளவு இதைவிடக் குறைவு. பெயர்பெற்ற பள்ளி என்பதற்காகவே கடன் பட்டு வீடு வாங்குபவர்களைப் பார்க்கிறேன். அங்கே முதல் வரிசைக்கு வருவது பிள்ளைக்கு எவ்வளவு கடினம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

அப்புறம், ஒரு பயணம். ஆஸ்டினுக்கு மேற்கே மலைப்பகுதியில் ஸ்டோன்வால் அருகே லிண்டன் ஜான்சனின் பண்ணை இருக்கிறது. ஜனாதிபதியாகும் முன், இளம் வயதில், கொட்டூலா என்ற சிற்றூரில் ஏழை மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர். அதுவரை இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர்தான் குடியேறலாம் என்றிருந்த நிலையை மாற்றிய சட்டத்தில் 1965 அக்டோபர் 3 அன்று கையெழுத்திட்டவர் அவர்தான். ஹூஸ்டன் அருகே பேர்லேண்டில் மீனாட்சி கோயில் கட்டிய தலைமுறை அந்தக் கதவு வழியாக வந்தது. அவர் கல்லறையும் அந்தப் பண்ணையிலேயே ஆற்றோரம் இருக்கிறது. மார்ச் கடைசியில் போனால் வழியெல்லாம் நீலப் பூக்கள் பூத்திருக்கும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.