தவசிக் கீரை: குச்சி நட்டு வளர்ப்பது எப்படி?

நர்சரியில் மல்டிவைட்டமின் கீரை என்று விற்பார்களே, அதுதான். கேரளத்தில் வேலியோரம் நிற்கும், செக்குர்மானிஸ் என்பார்கள். அந்தப் பெயரில் வரும் மானிஸ் மலாய்ச் சொல், இனிப்பு என்று பொருள். தவசி முருங்கை என்று கேட்டு வாங்காதீர்கள், அந்தப் பெயரில் வேறொரு மூலிகைச் செடி இருக்கிறது.

1. குச்சி. முதல் தடவை நான் நட்டது நுனிக்கொழுந்து. நாலாம் நாள் தலை தொங்கியது, வாரம் முடிவதற்குள் அடி கறுத்து அழுகிவிட்டது. பச்சை மாறிப் பழுப்பேறிய, பென்சில் தடிமனுள்ள தண்டுதான் வேண்டும். ஒரு சாண் நீளம், நாலு கணு. இலைகளைக் கிள்ளிவிடுங்கள். அடியைச் சாய்வாகவும் மேலே நேராகவும் வெட்டினால் தலைகீழாக நடும் ஆபத்து இல்லை. காய் நறுக்கும் கத்தி தண்டை நசுக்கும்; புது பிளேடு போதும். வேர் சீக்கிரம் வரும் என்று விற்கும் வேர்ப்பொடி காசுக்குக் கேடு.

2. நடவு. செம்மண், மணல், மட்கிய தொழு உரம் சம அளவு. இரண்டு கணு மண்ணுக்குள். நிழலில் வையுங்கள்.

3. காத்திருப்பு. இரண்டாம் தடவை இங்கேதான் சறுக்கினேன். பத்தாம் நாள் துளிர் வந்தது. வேர் பிடித்துவிட்டது என்று பெரிய தொட்டிக்கு மாற்றத் தூக்கினேன்; குச்சி மொட்டையாகக் கையோடு வந்தது. தண்டில் மிச்சமிருந்த சத்தில் வந்த துளிர் அது! ஒன்றரை மாதம் தொடாதீர்கள். இழுத்துப் பார்க்கவும் வேண்டாம்.

4. இடம். தென்கிழக்கு ஆசியக் காடுகளில் பெரிய மரங்களுக்கு அடியில் வளரும் புதர் இது. மொட்டை மாடி வெயிலில் இலை வெளுத்துவிட்டது, முருங்கை நிழலுக்கு மாற்றியதும் தேறியது. தொட்டி என்றால், அடியில் ஓட்டை போட்ட பழைய பெயிண்ட் வாளிக்குத்தான் என் ஓட்டு. குரோ பேக் எனும் செடி வளர்க்கும் பை இரண்டு கோடைக்குத் தாங்காது.

5. பறிப்பு. இடுப்பு உயரம் வந்ததும் நுனியை வெட்டுங்கள், பக்கக் கிளை வெடிக்கும். கிளையைத் திருப்பிப் பார்த்தால் இலைக்கு அடியில் சட்டைப் பொத்தான் மாதிரி செம்பூ தொங்கும். அதையும் இலையோடு உருவிச் சமைக்கலாம். மலேசியாவில் இலையைக் கையால் கசக்கி, முட்டை உடைத்து ஊற்றி வதக்குவார்கள். எங்கள் வீட்டில் பாசிப்பருப்பும் தேங்காயும்.

பின்சேர்க்கை: பச்சையாக அரைத்து ஜூஸ் குடிக்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். வேண்டாம். தைவானில் 1990களின் நடுவில் உடம்பு இளைக்க இதன் பச்சைச் சாற்றைத் தினமும் குடித்த பலருக்கு நுரையீரலின் நுண்ணிய காற்றுக்குழாய்கள் அடைபட்டு, மூச்சுத்திணறல் நிரந்தரமாகிவிட்டது. நாங்கள் வாரத்துக்கு ஒரு நாள், ஒரு கைப்பிடி, நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிடுகிறோம்.

இன்னொன்று: ஆட்டுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். என் மூன்றாவது செடியின் பாதி பக்கத்து வீட்டு ஆட்டுக்குத்தான் போனது.