வயிற்றுக்கு ஒரு டாக்டர், காலுக்கு ஒரு டாக்டரா?

பாட்டிக்கு வயிற்று வலி என்றால் குடல் டாக்டர், கால் வலி என்றால் எலும்பு டாக்டர். இரண்டு ஃபைல், இரண்டு மாத்திரை டப்பா. வயதானவர்கள் விஷயத்தில் நாம் செய்கிற பெரிய தவறு இதுதான் என்பேன். இரண்டு வலியையும் ஒரே மருத்துவரிடம் சேர்த்துச் சொல்லாததால் கைநழுவிப் போகும் நோய்கள் உண்டு.

மெலிந்த மூதாட்டி ஒருவருக்கு வயிறு உப்பி, விட்டுவிட்டு வலித்து, வாந்தியும் வருகிறது. கூடவே தொடையின் உட்பக்கம் முழங்கால்வரை சுரீர் என்கிறது. காலைப் பின்னால் நீட்டினால் கூடுகிறது. இடுப்பெலும்பில் உள்ள துளையில் குடல் புகுந்து, அங்கே ஓடும் நரம்பை நசுக்கினால் இப்படி ஆகும். குடலிறக்கம்தான், ஆனால் பெரும்பாலும் வெளியே புடைப்பு தெரியாது. வாயு என்று சொல்லிப் பெருங்காய மோர் கொடுத்துக்கொண்டிருந்தால் சிக்கிய குடல் அழுகிவிடும். சி.டி. ஸ்கேன் எடுத்தால் தெரியும். தொடை இடுக்கில் புடைப்போடு வரும் குடலிறக்கமும் உண்டு. கூச்சத்தில் பாட்டி சொல்ல மாட்டார், நாமும் கேட்க மாட்டோம்.

அறுபதைத் தாண்டிய, புகைப்பழக்கம் உள்ள ஆண்களுக்கு வேறொன்று. முதன்முறையாக விலாவிலிருந்து தொடை இடுக்குவரை வலி வந்தால், "கிட்னி கல்லா இருக்கும், தண்ணி நிறைய குடிங்க" என்போம். இதயத்திலிருந்து வயிறு வழியாக இறங்கும் பெரிய இரத்தக்குழாயான மகாதமனி, வயிற்றுப் பகுதியில் வீங்கிக் கசிந்தாலும் வலி அதே மாதிரிதான் வரும். சுமார் 2 செ.மீ. அகலமுள்ள அந்தக் குழாய் 3 செ.மீ. ஆனாலே வீக்கம், ஆண்களுக்கு 5.5 செ.மீ. தொட்டால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். ஐன்ஸ்டைன் 1955-இல் இறந்தது இது வெடித்துத்தான். 1948-இல் அதன்மேல் செலோஃபேன் தாளைச் சுற்றிவிட்டிருந்தார்கள். ஆறு ஆண்டுக்கு மேல் ஓடியது. இன்று அல்ட்ராசவுண்டே வீக்கத்தைக் காட்டிவிடும். ஆனால் வலியோடு மயக்கமும் வியர்வையும் வந்தால் ஸ்கேன் சென்டருக்கு அலையாமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

காலுக்குத் தைலம் தேய்த்து நீவிவிடுவதும் எப்போதும் நல்லதல்ல. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அழுத்தித் தேய்த்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். கால் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போனால் காலுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனி அடைத்திருக்கலாம். ஒத்தடம் கொடுத்துக்கொண்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். ஆறு மணி நேரம் தாண்டினால் காலைக் காப்பாற்றுவது கடினம்.

நடந்தால் வலிக்கிறது என்றால் வயசு என்று விட்டுவிடாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: சும்மா நின்றாலே அடங்குகிறதா, உட்கார்ந்தோ குனிந்தோதான் அடங்குகிறதா? முன்னது பெரும்பாலும் இரத்தக்குழாய், பின்னது முதுகுத்தண்டு.

ஒரே பக்கம், வயிற்றிலோ தொடையிலோ எரிச்சல், துணி பட்டாலே வலி, ஆனால் தோலில் ஒன்றுமில்லை என்றால் அக்கியாக இருக்கலாம். கொப்புளம் சில நாள் கழித்தே கிளம்பும். கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்குவது நல்லது. அக்கி எழுதப் போய் அந்த மூன்று நாளைத் தொலைத்துவிடாதீர்கள்.