ஃபேடரை நகர்த்தினால் சுருதி நழுவுகிறதா?

கன்ட்ரோல் சர்ஃபேஸை, அதாவது இசைப்பதிவு மென்பொருளை ஃபேடர்களாலும் (தள்ளி நகர்த்தும் கட்டுப்பாடுகள்) பொத்தான்களாலும் இயக்கும் கருவியை, இணைத்த கையோடு, அதன் மிடி போர்ட்டை (இசைக்கருவிகளும் கணினியும் செய்தி பரிமாறும் வழி) இசைக்கான உள்ளீட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கியூபேஸ் மென்பொருளில் மிடி போர்ட் செட்டப்புக்குப் போய் அந்த போர்ட்டுக்கு எதிரே 'ஆல் மிடி இன்புட்ஸ்' டிக்கை நீக்க வேண்டும். ஏபிள்டன் லைவ் மென்பொருளில் அந்த இன்புட்டின் 'டிராக்' பொத்தானை அணைத்தால் போதும்.

பல சர்ஃபேஸ்கள் பயன்படுத்தும் மேக்கி கன்ட்ரோல் என்ற மிடி முறையில் ஃபேடர் அனுப்புவது பிட்ச் பெண்ட், அதாவது சுருதியை வளைக்கும் செய்தி. பொத்தான்கள் அனுப்புவது சாதாரண நோட். எல்லா மிடியையும் கேட்கும் சிந்த் (சிந்தசைசர்) டிராக் பதிவுக்குத் தயாராக இருந்தால், மியூட்டைத் தட்டும்போது ஒரு ஸ்வரம் ஒலிக்கும், ஃபேடரைத் தள்ளினால் சுருதி வழுக்கும். பழுது சிந்தில் என்று நினைத்துத் தேடினால் பாதி நாள் போய்விடும். மென்பொருளில் கன்ட்ரோல் சர்ஃபேஸாகச் சேர்த்த இணைப்பு தனி என்பதால், போர்ட்டை இப்படி எடுத்துவிட்டாலும் ஃபேடர்கள் வழக்கம்போல வேலை செய்யும்.

ஃபேடரோடு வரும் கீபோர்டில் கவனம். சிலவற்றில் கட்டைகளுக்கும் ஃபேடர்களுக்கும் ஒரே போர்ட்தான். அதை அணைத்தால் கட்டைகளும் ஊமையாகிவிடும். இரண்டு போர்ட் காட்டினால் கன்ட்ரோலுக்கான போர்ட்டை மட்டும் அணையுங்கள். யூகான் என்ற வேறு தொடர்பு முறையைப் பயன்படுத்தும் சர்ஃபேஸ்களுக்கு இது தேவையே இல்லை, அவை மிடி வழியாகப் பேசுவதில்லை.