டிஸ்க்கில் கிருமித் தொற்று: எங்கே தவறு நடக்கிறது?

முதுகு வலித்தால் "டிஸ்க் விலகியிருக்கும்" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருக்கும் தட்டு. தேய்மான வலி படுத்தால் பெரும்பாலும் குறையும். டிஸ்க்கில் கிருமி இருந்தால் படுத்தாலும் விடாது, இரவில் கூடும், கட்டிலில் புரளும்போதே உயிர் போகிற மாதிரி வலிக்கும். சர்க்கரை நோயாளி, டயாலிசிஸ் செய்துகொள்பவர், அண்மையில் சிறுநீர்த் தொற்று வந்தவர், முதுகில் அறுவை சிகிச்சை ஆனவர் இப்படி வலிக்கிறது என்றால் எண்ணெய் போட்டு நீவிவிடாதீர்கள்.

"காய்ச்சல் இல்லையே" என்று தள்ளிப்போடவும் கூடாது. ஏறத்தாழ பாதிப் பேருக்குக் காய்ச்சலே வராது. வெள்ளணுக்கள்கூட சரியான அளவில் இருக்கலாம், பெரும்பாலும் உடலில் அழற்சி இருப்பதைச் சொல்லும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைகளின் உயர்வுதான் காட்டிக்கொடுக்கும். முதல் 2, 3 வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கெடுதலானது, எந்தக் கிருமி என்று தெரியாமலே ஆன்டிபயாடிக் தொடங்குவது. பெரியவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக் குழாய் கிடையாது. மருந்து மெல்லத்தான் கசிந்து போய்ச் சேரும். நாலு மாத்திரையில் ரத்தத்தில் இருக்கும் கிருமி மறைந்துவிடும், டிஸ்க்கில் இருப்பது தங்கிவிடும். பிறகு கல்ச்சரில், அதாவது கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனையில், எதுவும் வளராது. அதனால் மருந்துக்கு முன்பே, வெவ்வேறு இடத்தில் குத்தி, குறைந்தது 2 செட் ரத்தம் கல்ச்சருக்குப் போக வேண்டும். அதில் பிடிபடாவிட்டால் சி.டி. ஸ்கேன் பார்த்தபடி ஊசி செலுத்தித் திசு எடுப்பார்கள். அதை முழுவதும் பார்மலினில் (திசு அழுகாமல் காக்கும் திரவம்) போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும். கல்ச்சருக்கான துண்டு பார்மலின் படாமல் தனிக் குப்பியில் போக வேண்டும். நம் நாட்டில் முதுகெலும்பு காசநோய் நிறைய. ஆகவே டி.பி. கல்ச்சரும், காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் சோதனையும் கட்டாயம் கேளுங்கள். லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை முன்னதாகவே கொடுத்தால் காசநோய் கொஞ்சம் அடங்கி, கண்டுபிடிப்பது தள்ளிப்போகும்.

வலி குறைந்ததும் மருந்தை நிறுத்துகிறவர்கள் பலர். சாதாரண பாக்டீரியா என்றால் வழக்கமாக 6 வாரம்; காசநோய் என்றால் குறைந்தது 12 மாதம். இடையில் எம்.ஆர்.ஐ. முன்னைவிட மோசமாகத் தெரிந்தாலும் பதற வேண்டாம், படம் பின்தங்கித்தான் தேறும். வலியும் சி.ஆர்.பி.யும் இறங்குகின்றனவா என்று பாருங்கள்.

கால் பலமிழந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கடும் காய்ச்சலில் ரத்த அழுத்தம் இறங்கினாலோ கல்ச்சர் முடிவுக்குக் காத்திருக்க நேரமில்லை. அன்றைக்கே முதுகெலும்பு அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.