ஊருக்கு ஆறுதலாக வந்து போவது எப்படி

யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீட்டு முன்பக்கத்து இரண்டு அறைகளை விருந்தினருக்கு விடத் தொடங்கி ஒன்பது வருடமாகிறது. வருகிறவர்களில் பாதிக்கு மேல் எங்கள் சனம்தான். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், ஒஸ்லோ என்று எல்லா இடத்திலிருந்தும் வருவார்கள். ஆனி பிறந்ததும் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். "அக்கா, நல்லூர்த் தேருக்கு வாறம், ஆறு நாளைக்கு அறை வேணும்." ஆறே ஆறு நாளா என்று எனக்கு நெஞ்சுக்குள் இடிக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ரிக்கெற் போடுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்குப் போக வர ஏறக்குறைய 28,000 கிலோமீற்றர். இப்போதுள்ள பெரிய விமானங்களுக்கு 100 கிலோமீற்றருக்கு ஆளுக்குச் சுமார் 3 லீற்றர் எரிபொருள் வேண்டும். ஒருவருக்கு 840 லீற்றர் ஆகிறது. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ காபனீரொட்சைட்டு வரும், எரியும்போது காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்துகொள்வதால். எல்லாம் கூட்டினால் ஓர் ஆளுக்கு இரண்டு தொன்னுக்கு மேல். இலங்கையில் இருக்கிற ஒருவரின் பங்கு வருடம் முழுவதற்கும் ஏறக்குறைய ஒரு தொன்தான். விமானத்துக்குப் பின்னால் நீளும் வெள்ளைக் கோடுகளும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

வரவேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? அம்மா இங்கே இருக்கிறா, கோயில் இங்கே இருக்கிறது. இரண்டு முறை வந்து பத்துப் பத்து நாள் நிற்பதை ஒரே முறையாக்கி ஒரு மாதம் நில்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். என் தம்பி அப்படித்தான் மாற்றிக்கொண்டான். போன தடவை ஆறு கிழமை நின்றான். ரொறன்ரோவில் காலை ஒன்பது மணி என்றால் கோடையில் இங்கே மாலை ஆறரை. பகலில் அம்மாவோடும் ஊரோடும் இருந்துவிட்டு, பொழுது பட விறாந்தையில் மடிக்கணினியோடு உட்காருவான். பிள்ளைகள் அந்த ஆறு கிழமையில் தமிழில் சண்டை பிடிக்கப் பழகிவிட்டார்கள்.

ரிக்கெற் எடுக்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். விமானம் மேலே எழும்பும்போதுதான் அதிகம் எரிக்கும், அதனால் மாறி ஏறும் இடங்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. லண்டனிலிருந்து நேரே கொழும்புக்கு விமானம் இருக்கிறது. கனடாக்காரர் ஓரிடத்திலாவது மாறத்தான் வேண்டும். அந்த இடம் வரும் வழியில் இருக்கட்டும், நூறு டொலர் மிச்சம் என்று இரண்டு மூன்று இடம் சுற்ற வேண்டாம். எந்த விமானம் என்றும் பாருங்கள். ஏ350, 787 போன்ற புதியவை பழைய நாலு எஞ்சின் விமானங்களைவிட நன்றாகக் குறைத்து எரிக்கும். பிஸ்னஸ் வகுப்பு வேண்டாம். ஓர் இருக்கை பிடிக்கும் இடத்தைக் கணக்கில் எடுத்தால் சாதாரண இருக்கையைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு உங்கள் பங்கில் விழும். சென்னையில் கலியாணச் சேலை எடுக்கும் எண்ணம் இருந்தால் அதையும் இதே பயணத்தில் முடித்துவிடுங்கள். இங்கே பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குச் சின்ன விமானம் போகிறது. 2023இல் தொடங்கிய காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பலும் உண்டு, ஆனால் கடல் பொங்கும் மாதங்களில் நின்றுவிடும், முன்கூட்டியே விசாரியுங்கள்.

அப்புறம் பெட்டி. ஆளுக்கு இருபத்துமூன்று கிலோவில் இரண்டு என்று விட்டால், இரண்டையும் நிரப்பாமல் வர எங்கள் ஆட்களுக்கு மனம் வராது. பெட்டி திறக்கும்போது நான் பக்கத்தில் நின்று பார்ப்பதுண்டு: ஷாம்பு, நூடில்ஸ், காகிதத் துவாய், பிஸ்கற் தகரம். இவ்வளவும் யாழ்ப்பாணம் பெரிய கடைத்தெருவில் கிடைக்கும். நீண்ட பயணத்தில் பெட்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு எரிபொருள் அதைத் தூக்கி வரவே போய்விடும். வந்த உறைகளை நீங்கள் போன பிறகு நாங்கள் வளவு மூலையில் போட்டுக் கொளுத்துகிறோம். அந்த மணம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் போகும். மருந்தும் அம்மா கேட்ட கண்ணாடியும் கொண்டுவாருங்கள், போதும்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் இரண்டு பேருக்கு ஒரு வான் பிடிக்காதீர்கள். கொழும்பு கோட்டை ரயில் நிலையத்திலிருந்து ரயில் வருகிறது. 1990இல் அறுந்த பாதை 2014இல்தான் யாழ்ப்பாணம் வரை திரும்ப வந்தது; இருபத்துநாலு வருடம் அதற்காகக் காத்திருந்தவர்கள் நாங்கள், காலியாக ஓட விடாதீர்கள். இருக்கையை முன்கூட்டியே பதிந்து, மழைக்காலம் என்றால் ரயில் ஓடுகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரவு பஸ்.

இங்கே வந்த பிறகு எல்லாவற்றுக்கும் முதல் தண்ணீர். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. மாரியில் விழும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறும். நல்லூர்த் திருவிழா வருவதோ மழை கண்டு மாதக்கணக்கான நேரத்தில். எங்கள் கிணற்றில் அப்போது வாளியை இறக்கினால் அடிக்கல்லில் 'டங்' என்று முட்டும். ஒரு வருடம் வந்த குடும்பம் பிள்ளைகளுக்காகக் காற்றடித்த குளம் ஒன்றை முற்றத்தில் வைத்து, மூன்று நாள் விடாமல் மோட்டர் போட்டு நிரப்பியது. நாலாம் நாள் காலைத் தேநீரை வாயில் வைத்த மாமி அப்படியே கோப்பையைக் கீழே வைத்தா. உவர்ப்பு. மழை வந்து கிணறு ஊறும் வரை குடிதண்ணீரைப் பக்கத்துத் தெருவிலிருந்து சுமந்தோம்.

ஆகவே வாளியில் அள்ளிக் குளியுங்கள். இரண்டு வாளியில் குளிப்பு முடியும். பத்து நிமிடம் ஷவரைத் திறந்துவிட்டால் நூறு லீற்றருக்குக் குறையாமல் போகும். துவாயைத் தினமும் தோய்க்கக் கொடுக்காதீர்கள். நாங்கள் குளித்த தண்ணீர் வாழைக்குப் போகிறது, அதனால் சாதாரண சவர்க்காரம் போதும். வேறிடத்தில் தங்குவதானால், நீச்சல் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டு அறை எடுங்கள்.

ஊருக்குள் சைக்கிள் போதும், யாழ்ப்பாணம் ஒரே சமதரை. நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போக, பஸ்ஸில் குறிகட்டுவான் போய்ப் படகு ஏறலாம். வானில் போகிறவர்கள் தீவிலிருந்து திரும்பும் வரை ஏசிக்காகச் சாரதி எஞ்சினை நிறுத்தாமல் வைத்திருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு ஏறுங்கள். நெடுந்தீவில் நல்ல தண்ணீர் அருமை, குடிக்கிறதை வீட்டிலிருந்தே போத்தலில் நிரப்பிக்கொண்டு போங்கள். வெறும் போத்தலை அங்கே போடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள். அங்கே திரியும் குதிரைகளுக்கு பிஸ்கற் நீட்ட வேண்டாம். பவளக்கல் மதிலில் ஒரு துண்டுகூடப் பெயர்க்காதீர்கள்.

திரும்பும் நாளில் பெட்டியில் இடம் இருக்கும். தீர்ந்துபோன சாதாரண பற்றரிகளை (லித்தியம் பற்றரி வேண்டாம்) முதலில் அதில் வையுங்கள், இங்கே விட்டால் அவை கடைசியில் கிணற்றோரத்து மண்ணுக்குத்தான் போகும். மிச்ச இடத்துக்குப் புழுக்கொடியலும் பனங்கட்டியும். பக்கத்திலுள்ள எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கலாம். சொப்பிங் பை கேட்காமல் பழைய சேலைத் துண்டு ஒன்றைக் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் என்னிடம் கேளுங்கள், கிழித்து வைத்திருக்கிறேன்.